சின்னவனுக்குப் போட்ட பம்பு

கம்பத்தில் ஒரு அரிசி ஆலையின் எண்ணெய் எஞ்சினைத் தினமும் காலையில் வைதுகொண்டே கிளப்புவதுதான் ஒச்சாண்டியின் உத்தியோகம். வையாமல் கிளப்பினால் அது மதியத்துக்குள் நின்றுவிடும் என்று சத்தியமே செய்வார். 1931-ம் வருஷம் மாசி மாதம் ஆலை முதலாளி அவரைக் கூப்பிட்டார்.

"மேல பெரியாத்து ஏரியில ஏலத்தோட்டக் கம்பெனிக்காரக படகுக்கு மோட்டார் வாங்கியிருக்காக. பெட்டி தேனி டேசன்ல வந்து எறங்கிருச்சு. பிரிச்சு மாட்டத் தெரிஞ்ச ஆளு அங்கன இல்லையாம். ரெண்டு நா போய்ட்டு வாப்பா."

இரண்டு நாள் என்று போனவர்தான். கம்பத்துக்குக் குடி திரும்பப் பதினாறு வருஷம் ஆயிற்று.

தேக்கடிப் படகுத்துறையில் வைத்துப் பெட்டியைப் பிரித்தார்கள். மரச்சுருளுக்கு நடுவே கிடந்ததைப் பார்த்ததும் ஒச்சாண்டிக்குச் சப்பென்று போய்விட்டது. அவருக்குத் தெரிந்த எஞ்சின் ஒரு அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இதுவோ ஒரு ஆள் தோளில் தூக்கிப் போகிற உருப்படி. மேலே ஒரு சக்கரம், அதன் கீழ் எதிரும் புதிருமாக இரண்டு சிலிண்டர், அதற்கும் கீழே நீளமான கால், காலின் நுனியில் காத்தாடி. படகின் பின்பலகையைக் கவ்வவிட்டுத் திருகினால் சரியாம். தோட்டத்து மேனேஜர் வைகுண்டராஜ், திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கிலீஷ் புத்தகத்தை வரிவரியாகப் படித்துச் சொன்னார். ஒச்சாண்டி அதிலிருந்த படத்தை மட்டும் பார்த்தார். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஏழாவது தடவை இழுத்தபோது, வாயில் வந்த வசவு முடிவதற்குள் மோட்டார் பிடித்துக்கொண்டது. அக்கரையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காட்டெருமைகள் ஒரே ஓட்டமாகக் காட்டுக்குள் போயின. தண்ணீரின் மேல் நீலப் புகை மெதுவாகப் படர்ந்தது. பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற அந்த வாசனையில் காலைப் பனியும் ஈர மரமும் கலந்திருந்தன. வயசான காலத்தில் கம்பத்துக் கடைத்தெருவில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று புகைவிட்டுக்கொண்டு போனால்கூட, ஒச்சாண்டி பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். கூட நிற்பவர்கள் மறதி என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த ஏரியில் படகு ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் அல்ல. அணை கட்டித் தண்ணீர் ஏறியபோது முங்கிப்போன காடு அது. செத்த மரங்கள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கும். கார்த்திகையில் இரண்டு ஆள் ஆழத்தில் கிடக்கிற மரம் சித்திரையில் தலை நீட்டும். அத்தனையையும் மனப்பாடமாக வைத்துக்கொள்கிற ஆள் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது, ஒச்சாண்டி கூடலூருக்கு இறங்கிப் போய்க் கருத்தக்கண்ணனைக் கூட்டிவந்தார். அவரைவிட ஆறு வயசு இளையவன். முல்லையாற்று வெள்ளத்தில் அடித்துப்போன மாட்டை நீந்திப் பிடித்துவருகிறவன் என்று ஊரில் பெயர். ஒரே வருஷத்தில் ஏரி அவனுக்கு அத்துப்படியாகிவிட்டது. மோட்டாரின் கைப்பிடியில் ஒரு கையை வைத்தபடி, "மச்சான், இன்னைக்கு இடப்பக்கம் மூக்கடைச்சுக் கெடக்கு, பாருங்க" என்பான். ஒச்சாண்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இடது பக்கத்துப் பிளக்கில்தான் கரி பிடித்திருக்கும்.

மச்சான் என்று அவன் சும்மா கூப்பிடவில்லை. 1933 தையில் ஒரே பந்தலில் ஒச்சாண்டி கருத்தக்கண்ணனின் தங்கை பஞ்சம்மாளுக்குத் தாலி கட்டினார். கருத்தக்கண்ணன் ஒச்சாண்டியின் தங்கை இருளம்மாளுக்குக் கட்டினான். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே மேளம், ஒரே விருந்து, இரண்டு வீட்டுக்கும் சந்தோஷம். அதில் ஒரு சிக்கலும் உண்டு. ஒருத்தி கண்ணைக் கசக்கினால் இன்னொருத்தியும் கசக்க வேண்டியிருக்கும். ஒருத்தி கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு நடந்தால், அடுத்தவளும் துணியை மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் வழக்கம் அப்படி.

அந்தச் சிக்கல் வருமென்று அப்போது யாரும் நினைக்கவில்லை. படகுத்துறைக்குப் பக்கத்தில் கம்பெனி கொடுத்த இரண்டு வீடும் ஒட்டினாற்போல இருந்தன. ஒரு வீட்டில் சோறு பொங்கினால் மறுவீட்டில் குழம்பு கொதிக்கும். ஏரி மீனைப் புளி கரைத்து வைப்பதில் இருளம்மாளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. காலையில் பனி விலகும்போது கருத்தக்கண்ணன் மோட்டாரைக் கிளப்பி வளைவுக்கு அப்பால் மறைவான்; சத்தம் மட்டும் மலையில் மோதித் திரும்பி வந்துகொண்டே இருக்கும். ஒச்சாண்டி கொட்டகையில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தை வைத்தே படகு இப்போது எங்கே போகிறது என்று சொல்லுவார். வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் வரவில்லை.

1937-ல் இன்னொரு மோட்டார் வந்தது. அதே கம்பெனி, அதே சாயல், பலம் மட்டும் கூடுதல். முதலில் வந்தது பெரியவன், பின்னால் வந்தது சின்னவன் என்று பெயராயிற்று. பெரியவன் நிதானக்காரன், சாமான் படகுக்கு அவன். சின்னவன் துடுக்கு, ஆள் ஏற்றுகிற பெரிய படகு அவனுக்கு. எதுவும் உடைந்தால் சென்னைக்கு எழுத வேண்டும். சென்னைக்காரன் கடல் கடந்து எழுதுவான். சாமான் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். அதனால் ஒருவன் சாமான் இன்னொருவனுக்குச் சேருமா என்று பார்ப்பதே ஒச்சாண்டியின் பெரிய வேலையாகிவிட்டது.

அதற்கு அவர் வைத்திருந்த கருவிகளைச் சொன்னால் சிரிப்பு வரும். நீளம் பார்க்கத் தென்னை ஈர்க்கு. சுற்றளவு பார்க்க நூல். ஒன்றுக்குள் ஒன்று சரியாக உட்காருகிறதா என்று பார்க்கப் பஞ்சம்மாளின் கண்மை. ஒரு சாமானின் மேல் மையை மெல்லிசாகத் தடவி, மற்றதற்குள் செருகி, ஒரு திருப்புத் திருப்பி எடுப்பார். மை எல்லாப் பக்கமும் சீராக ஒட்டியிருந்தால் சேரும். ஒரு பக்கம் அப்பி ஒரு பக்கம் துடைத்தாற்போல இருந்தால் சேராது. தோட்டத்துக் கூலிகள், "ஒச்சாண்டியண்ணன் மை போட்டுப் பாக்குறாக, களவு போன கோழி எங்கன இருக்குன்னு கேளுங்கடி" என்று கேலி பேசுவார்கள். பஞ்சம்மாளின் வருத்தம் வேறு.

"ஊரு உலகத்துல ஆம்பளைக பொண்டாட்டிக்கு மை வாங்கிக் குடுப்பாக. எனக்கு வாச்சவுக எம் மையைக் கொண்டுபோய் மோட்டாருக்கு அப்புறாக."

பார்த்ததை எழுதிவைக்க அவருக்குப் படிப்புக் கிடையாது. கொட்டகைச் சுவரில் இடது பக்கம் பெரியவனின் சாமான்களையும் வலது பக்கம் சின்னவனின் சாமான்களையும் கரியால் வரைந்து, சேருகிறவற்றுக்கு நடுவே கோடு இழுத்தார். சேராதவற்றுக்குப் பங்காளி என்று பெயர். பங்காளிகள் ஒரே முகச்சாடையாக இருப்பார்கள், ஆனால் அவர்களுக்குள் பெண் கொடுக்க முடியாது. இரண்டு கார்புரேட்டரும் பங்காளி. பார்க்க ஒரே அச்சு, ஒன்றின் ஊசி மற்றதில் இறங்காது. சேருகிறவை மாமன் மச்சான். பொறி கொடுக்கிற கம்பிச்சுருள், காயில் என்பார்கள், பெரியவனிடம் ஒரு மாதிரி, சின்னவனிடம் வேறு மாதிரி. ஆனால் ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டினால் ஜம்மென்று பொறி தெறிக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொரு சட்டம் தானாகவே அவர் மனசில் ஏறிக்கொண்டது. கொடுத்த வீட்டில் எடுக்கலாம். சின்னவனின் சாமான் பெரியவனுக்குச் சேர்ந்தால் பெரியவனின் சாமானும் சின்னவனுக்குச் சேரும். அவர் குடும்பமே அப்படி நடந்த குடும்பம்தானே. காயில் போய்வந்தது, பிளக் போய்வந்தது, சக்கரத்து நட்டு போய்வந்தது. ஒரு தடவைகூடப் பொய்க்கவில்லை. ஆனாலும் எதை மாற்றினாலும், படகில் பாரம் ஏற்றி அக்கரைக்கு ஒரு நடை போய்வந்து, மோட்டாரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் கோடு போடுவார். அந்த ஒழுங்கு அவரிடம் இருந்தது.

ஒரே ஒரு கோடு மட்டும் பாதி பார்த்துப் போட்டது. அது தண்ணீர் பம்பு. மோட்டாரின் கால்பக்கம் கட்டைவிரல் தண்டியில் ஒரு பித்தளைத் தண்டு மேலும் கீழும் ஆடி ஏரித் தண்ணீரை மேலே ஏற்றும். அந்தத் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றி ஓடிச் சூட்டைத் தணிக்கும். 1939-ல் பெரியவனின் தண்டு தேய்ந்தபோது, சின்னவனுக்கென்று வந்திருந்த உபரித் தண்டை எடுத்து மாட்டினார். பெரியவன் அதற்கு முன் அவ்வளவு குளுமையாக ஓடியதே கிடையாது. அந்தச் சந்தோஷத்தில், போவதற்கும் வருவதற்குமாகக் கோட்டின் இரண்டு நுனியிலும் அம்பு போட்டுவிட்டார்.

பிறகு யுத்தம் வந்தது. சென்னைக்கு எழுதினால் பதிலே வருவதில்லை. பெட்ரோலுக்குக் கூப்பன். பெரியவன் உடம்பில் விரிசல் விழுந்து கொட்டகை மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டான். 1943 சித்திரையில் சின்னவனின் பம்புத் தண்டும் தேய்ந்து தண்ணீர் ஏற்ற மறுத்தது. தகரப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடியதில், பெரியவனுக்கென்று எப்போதோ வந்த தண்டு ஒன்று மெழுகுத்தாள் பிரிக்காமல் புத்தம் புதுசாகக் கிடைத்தது. மை தடவிப் பார்த்தார். அவ்வளவு சீராக எந்தச் சாமானிலும் மை ஒட்டிப் பார்த்ததில்லை. ஈர்க்கால் அளந்தபோது அரிசி முனையளவு குட்டையாக இருந்தது. அதையும் பார்த்தார். பார்த்துவிட்டு, மச்சினன் கொஞ்சம் குட்டை, அதனாலென்ன என்று மாட்டிவிட்டார்.

"பாரம் ஏத்தி அக்கரைக்கு ஒரு நடை போய்ப் பாத்துரணும்ங்க" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"பெட்ரோலு கூப்பன் ஒங்க அய்யாவா தாராரு? துறையிலேயே பத்து நிமிஷம் ஓட்டிப் பாரும், போதும். நாளைக்கு அரிசி போயே ஆகணும் வே" என்றார் வைகுண்டராஜ்.

அவர் அவசரத்திலும் நியாயம் இருந்தது. பர்மா அரிசி நின்றுபோய் மலைமேல் ஜனங்கள் மரவள்ளியை அவித்துத் தின்ற வருஷம் அது. ஒச்சாண்டி துறையில் பத்து நிமிஷம் ஓட்டினார். பக்கத்துத் துவாரத்தில் தண்ணீர் வழிந்தது. சரி என்று விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் பதினெட்டு மூட்டை அரிசியும் பதினொரு ஆளும் ஏறிய படகைக் கருத்தக்கண்ணன் கிளப்பிக்கொண்டு போனான். கொட்டகையில் ஒச்சாண்டி வழக்கம்போலச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது வளைவில் வேகம் கூடியது. மூன்றாவது வளைவில் சத்தம் கனத்து, முக்கி, நின்றது. அவர் எழுந்து நின்றார். மறுபடி கயிறு இழுக்கிற சத்தம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மலையிலிருந்து காற்று மட்டும் இறங்கி வந்தது.

நின்றுபோன படகைக் காற்று தள்ளிக்கொண்டு போய்ச் செத்த மரத்தில் மோதியது. பக்கப்பலகை கிழிந்தது. கருத்தக்கண்ணன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திக் கரையில் கட்டி, அதைப் பிடித்து வரத் தெரியாத பெண்களை இரண்டு நடையாக முதுகில் தாங்கிக் கரை சேர்த்தான். ஒரு உயிர் போகவில்லை. அரிசி முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது.

மோட்டாரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து மேனேஜர் முன்னிலையில் பிரித்தார்கள். பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒச்சாண்டி தண்ணீர் உறிஞ்சுகிற துவாரத்தைப் பார்த்தார். அங்கே சேறு அடைத்தால் பம்பு தண்ணீர் ஏற்றாது. துளி சேறு இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது. அந்த நிமிஷமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நிதானமாக ஓடுகிற பெரியவனுக்குச் சின்னவனின் நீளத் தண்டைக் கொடுத்தால் கூடுதல் தண்ணீர், லாபம். துடுக்காக ஓடுகிற சின்னவனுக்குக் குட்டைத் தண்டு கொடுத்தால் பத்து நிமிஷத்துக்குப் போதும். பாரத்தோடு ஒரு மணி நேரத்துக்குப் போதாது. சேருவது வேறு, ஈடுகொடுப்பது வேறு.

"தண்ணி கொறஞ்ச நேரம். இவன் சேத்துல ஓட்டியிருக்கானா?" என்று மேனேஜர் கேட்டார்.

கருத்தக்கண்ணன் ஒளிக்கவில்லை. "சதுப்புக் கரையில ரெண்டு பொம்பளைக கைகாட்டுனாக. அவுகள ஏத்த ஓரமாப் போனேங்க. சேறு கலங்கலை. நான் பாத்துத்தான் போனேன்."

மேனேஜர் ஒச்சாண்டியைப் பார்த்தார். "நீரு சொல்லும். சேறு ஏறியிருக்குமா?"

ஒச்சாண்டியின் கையில் அந்தப் பித்தளைத் தண்டு இருந்தது. வீடு, உத்தியோகம், பன்னிரண்டு வருஷத்துப் பெயர் எல்லாம் அவர் கண்ணெதிரே வந்து நின்றன. "ஏறியிருக்கலாங்க" என்றார்.

கருத்தக்கண்ணன் திடுக்கிட்டுப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "மச்சான் சொன்னாகன்னாச் சரியாத்தான் இருக்கும்ங்க. நான் கவனிக்கலை போலருக்கு" என்றான். அவன் சண்டை போட்டிருந்தால்கூட ஒச்சாண்டிக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அவன் சீட்டைக் கிழித்தார்கள். இருளம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு புருஷன் பின்னால் கூடலூருக்கு இறங்கினாள். அரிசி இல்லாமல் பட்டினி கிடந்த கூலிகள் அவனுக்குச் சேத்துக்கண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவனுக்கு முன்னாலேயே மலையிறங்கிக் கூடலூர் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு வாரத்தில் ஒச்சாண்டி தேனிக்குப் போய், லேத்துப் பட்டறையில் சரியான நீளத்துக்குப் பித்தளைத் தண்டு ஒன்று கடைந்து வந்தார். சின்னவன் பழையபடி ஓடினான். குருசாமி என்று புது டிரைவர் வந்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒச்சாண்டிக்குத்தான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே தினமும் தின்பதுபோல இருந்தது. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை நின்றுபோயிற்று. காலையில் படகுச் சத்தம் கேட்டால் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொள்வார்.

பஞ்சம்மாள் விடவில்லை. "எங்கண்ணன் சேத்துல ஓட்டுற ஆளா? நீங்களே சொல்லுங்க. மேனேசருகிட்ட ஒரு வார்த்தை நீங்க பேசுனா என்ன?"

"பாப்போம்" என்பார். எட்டு மாசம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்கழியில் ஒருநாள் பஞ்சம்மாள் மைச்சிமிழைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். மை நிறைய இருந்தது. "சித்திரைக்குப் பெறகு நீங்க எங்கிட்ட மையே கேக்கலை. மோட்டாருல ஒரு சாமான்கூடவா மாத்தலை?" என்றாள். கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. அவர்தான் தாங்க முடியாமல் உடைந்துபோனார். பம்பு, அரிசி முனையளவு குட்டை, சுத்தமாக இருந்த துவாரம், தன் வாயிலிருந்து வந்த வார்த்தை எல்லாவற்றையும் சொன்னார். மூட்டையைக் கட்டப்போகிறாள் என்று நினைத்தார். கட்டினால் கூடலூரிலிருந்து தன் தங்கையும் கிளம்பிவர வேண்டியதுதான். இரண்டு அடுப்பும் அணைந்துவிடும்.

பஞ்சம்மாள் அழவில்லை. சிமிழை மூடினாள். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் இங்கனதான் இருப்பேன். ஆனா ஒங்களுக்குச் சோறு போடமாட்டேன்" என்றாள்.

காலையில் பட்டினியோடு மேனேஜரிடம் போனார். சீட்டுக் கிழிக்கப்படும் என்று தயாராகத்தான் போனார். வைகுண்டராஜ் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதைச் சொல்ல இப்பம் என்ன அவசரம்? போன அரிசி திரும்பியா வரும்? டிரைவரு ஆயிரம் பேரு கெடைப்பான். இந்த யுத்த காலத்துல ஒம்ம மாதிரி ஆளுக்கு நான் எங்கவே போவேன்? குருசாமி ஓட்டட்டும். நீரு போயி வேலையப் பாரும்."

ஒச்சாண்டி வெளியே வந்தார். தப்புச் செய்தவனுக்கு மாற்று ஆள் இல்லை. செய்யாதவனுக்கு ஆயிரம் பேர். அவருக்குக் கிடைக்காமல் போன தண்டனைதான் அன்றைக்கு அவரை அதிகமாகச் சுட்டது.

அப்படியே கூடலூருக்கு இறங்கினார். கருத்தக்கண்ணன் யாருடைய வயலிலோ கூலிக்கு வரப்பு அண்டை வெட்டிக்கொண்டிருந்தான். ஏரித் தண்ணீர்தான் மலையைக் குடைந்து இறங்கி வந்து அந்த வயலில் நின்றது. தான் படகோட்டிய தண்ணீர் கணுக்காலை நனைக்க அவன் குனிந்து மண்ணை வாரிக்கொண்டிருந்ததை ஒச்சாண்டி பார்த்தார். வரப்பில் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

கருத்தக்கண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "அப்ப நான் சேத்துல ஓட்டலையா?"

"ஓட்டலை மாப்ளே."

"எட்டு மாசமா நெனைச்சு நெனைச்சுப் பாக்குறேன் மச்சான். எந்த எடத்துல கை தவறுச்சு, எந்த எடத்துல சேறு கலங்குச்சுன்னு. தவறவே இல்லையேன்னு தோணும். மச்சான் சொன்னாகளே, அப்ப தவறித்தான் இருக்கும்னு நெனைச்சுக்கிருவேன். எங் கையவே எனக்கு நம்ப முடியாமப் பண்ணிட்டீகளே."

ஒச்சாண்டி மேனேஜர் சொன்னதையும் சொன்னார். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவதாகச் சொன்னார்.

"நீங்க வேலையை விட்டா எனக்கு என்ன வந்துச்சு? மேனேசரு காதுல சொன்னது அவரு காதோட போயிரும். என்னைச் சேத்துக்கண்ணன்னு கூப்புட்டது அந்தச் சனங்க. அவுக முன்னாடி சொல்லுங்க. அது போதும் எனக்கு."

அரிசி அளக்கிற சனிக்கிழமை இருவரும் மேலே போனார்கள். அக்கரைக் கூலிகள் அறுபது எழுபது பேர் துறையில் சாக்கோடு வரிசையில் நின்றார்கள். கருத்தக்கண்ணனைக் கண்டதும் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். ஒச்சாண்டி மூட்டை மேல் ஏறி நின்றார். எஞ்சினை வைவதற்குத் தவிர அவர் உரக்கப் பேசியதே இல்லை. "சேறுமில்ல, ஒண்ணுமில்ல. நான் மாட்டுன சாமான் சரியில்ல. அரிசியத் தண்ணியில போட்டது நான். பழியை எம் மாப்ள தலையில போட்டதும் நான்" என்றார். சொல்லிவிட்டு மூட்டையிலிருந்து இறங்கினார்.

ஒருவரும் ஏசவில்லை. வரிசையின் நடுவிலிருந்து சந்தனம்மாள் என்ற கூலிக்காரி வெளியே வந்தாள். அன்றைக்குக் கருத்தக்கண்ணன் முதுகில் ஏறிக் கரை சேர்ந்தவள். ஒச்சாண்டியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே அவன் முன்னால் போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"எங்கள முதுகுல தூக்கி வந்த மனுசன் நீங்க. பசியில ஒங்களையே வஞ்சுபிட்டமே சாமி" என்று தேம்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள் வந்து நின்றார்கள். கருத்தக்கண்ணன் அவர்களுக்குப் பதிலுக்குக் கும்பிட்டான்.

குருசாமி அப்போது சின்னவனைக் கிளப்பினார். மூன்று இழுப்பில் பிடித்தது. நீலப் புகை தண்ணீரின் மேல் படர, படகு முதல் வளைவைத் தாண்டி மறைந்தது. இருவரும் குமுளிப் பாதையில் இறங்கத் தொடங்கினார்கள். ரொம்ப தூரம் வரை மோட்டார்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பாதியில் கருத்தக்கண்ணன் நின்றான்.

"காலையில முத இழுப்புல பிடிக்கிறதில்லையா அவன்?"

"மூணு இழுப்பு ஆகுது."

"குளுருல காத்தை முழுசாத் தெறக்கக் கூடாது மச்சான். கயித்தை இழுக்குறதுக்கு முந்தி ரெண்டு தடவை சும்மா சுத்திவிடணும். குருசாமியண்ணனுக்குச் சொல்லுங்க. ரெண்டாவது வளைவுல எடப்பக்கம் ஒரு தேக்கு நிக்கிது, மாசிக்கு மேல தலை தெரியும், அதையும் சொல்லுங்க. நான்..."

பாதையோரக் கல்லில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டான். வேலை போன அன்றைக்கு அழாதவன், ஊர் சிரித்தபோது அழாதவன், பெயர் திரும்பக் கிடைத்த அன்றைக்கு ஏரிக்காக அழுதான். ஒச்சாண்டி பக்கத்தில் நின்றார். அவன் தோளில் கைவைக்கத் தனக்கு இன்னும் பாத்தியதை இருக்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. வெகுநேரம் கழித்து வைத்தார். கருத்தக்கண்ணன் அதைத் தட்டிவிடவில்லை.